முள்ளு நிக்கட்டும்ங்க

கடைசி மூட்டையைத் தட்டில் ஏற்றிவிட்டுக் கூலியாள் விலகி நின்ற பிறகும் தாண்டவராயன் வாயைத் திறக்கமாட்டார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தராசின் நடுவில் ஆடுகிற முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பார். விற்க வந்தவன் "சொல்லுய்யா" என்பான். வாங்க வந்தவன் "இன்னும் எவ்ளோ நேரம்யா" என்பான். வெளியே வண்டி மாடுகள் கால் மாற்றி நிற்கும். "முள்ளு நிக்கட்டும்ங்க" என்பார், இருவருக்கும் பொதுவாக. முள் நிற்கும். அதற்கு மேலும் ஒரு மூச்சுப் பொறுத்துவிட்டுத்தான் எடையைச் சொல்வார்.

விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வரத்து தொடங்கிவிட்டால் எங்கள் மண்டியில் காலை ஊன்ற இடம் இருக்காது. நான் அங்கே கணக்கு எழுதுகிறவன். என் மேசைக்கும் அவருடைய தராசுக்கும் நடுவில் நாலு மூட்டை போடத்தான் இடம் உண்டு. ஆகையால் இத்தனை வருஷமாக நான் வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் தாண்டவராயன் முகத்தில்தான் விழித்துக்கொண்டிருக்கிறேன். ஒல்லியான ஆள். ஐம்பதை நெருங்குகிற வயது. புருவம் முழுக்க மல்லாட்டைத் தோலின் தூசி. முதல் மூட்டைக்கு 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று பாடுவது எடைக்காரர்களின் வழக்கம். மற்றவர்கள் லாபம் என்று சொன்ன கையோடு இரண்டு, மூன்று என்று ஓடிவிடுவார்கள். இவர் லாபத்திலேயே நின்றுகொண்டிருப்பார். நானோ முன்கோபக்காரன். பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு எத்தனை முறை பல்லைக் கடித்திருப்பேன் என்று சொல்ல முடியாது.

ஆனால் அவருடைய நிதானத்தால் நன்மையும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு தடவை வளவனூர்க்காரர் ஒருவரும் ஒரு தரகரும் மூட்டையில் மண் கலந்திருக்கிறது, இல்லை என்று கைகலக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு பேரும் தாண்டவராயனைச் சாட்சிக்கு இழுத்தார்கள். அவர் மூட்டையில் கையை விட்டு, ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் என்ன சொல்வாரோ என்று காத்திருந்ததில் இருவருக்கும் கோபம் ஆறி, தரகர் வெற்றிலை மடிக்க ஆரம்பித்துவிட்டார். கடைசி வரை தாண்டவராயன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு பிடியைத் திருப்பி மூட்டைக்குள்ளேயே போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டார்.

தராசை விட்டு இறங்கினாலும் அவர் இப்படித்தான். எந்த முடிவையும் சொந்தமாக எடுக்கமாட்டார். மண்டியின் பின்பக்கம் வேப்பமரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு அம்மன் கல் இருக்கிறது. மனசில் ஒன்றை நினைத்துக்கொண்டு அந்தக் கல்லின் தலையில் ஒரு பூவை வைப்பார். வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு. இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். விழும்வரை எதிரே குந்தியிருப்பார். இந்தப் பக்கத்தில் பூ கேட்காத குடும்பம் கிடையாது. ஆனால் கல்யாணம், காடு கழனி என்று பெரிய காரியத்துக்குத்தான் கேட்பார்கள். இவர் ஆட்டுக்குட்டி வாங்கலாமா என்று கேட்பார். கூரைக்கு இந்த வருஷம் கீற்று மாற்றலாமா என்று கேட்பார். குடை வாங்கலாமா என்று ஒரு ஐப்பசியில் கேட்கப் போய், பூ இடப்பக்கமே விழுந்துகொண்டிருந்து, மார்கழிப் பனியில் உத்தரவாயிற்று. மழை நின்ற பிறகு புதுக் குடையோடு மண்டிக்கு வந்த ஒரே மனிதர் அவர்தான். நாங்கள் சிரித்தோம். "அவ சொல்லட்டும்னு இருந்தேன்ங்க. சொல்லிட்டா, வாங்கிட்டேன். இதுல இன்னா?" என்றார்.

இதை எல்லோரும் பொறுமை என்றார்கள், பக்தி என்றார்கள். எனக்கு மட்டும் நெடுநாளாக ஒரு சந்தேகம். மனிதர் பயங்கரப் பயந்தாங்கொள்ளி. ஜங்ஷனில் மெயில் வண்டி ஊதினால் இங்கே தராசுச் சங்கிலியைப் பிடித்துக்கொள்வார். வானம் முழங்கினால் "அர்ஜுனா, அர்ஜுனா" என்று எல்லோரும் சொல்வதுதான். இவர் முழக்கம் நின்று நட்சத்திரம் தெரிகிறவரை சொல்லிக்கொண்டிருப்பார். வாசலில் யாராவது தும்மினால் எடுத்த எடைக்கல்லைக் கீழே வைத்துவிடுவார். கோட்டான் கத்தினது, பூனை குறுக்கே போனது, கனவில் பல் விழுந்தது என்று தினம் ஒரு பயத்தோடுதான் வந்து சேருவார்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். "அண்ணே, சின்னச் சின்னத்துக்கெல்லாம் அம்மன எதுக்குத் தொந்தரவு பண்றீங்க?" அவர் உடனே பதில் சொல்லவில்லை. அது எதிர்பார்த்ததுதான். சாயங்காலம் தராசைக் கழற்றி மாட்டும்போது, காலையில் கேட்டதற்குப் பதில் வந்தது. "மூத்தவன் ஒருத்தன் இருந்தான்ங்க. நாலு வயசு. காய்ச்சல். நான் யாரையும் கேக்கல. வெயில்ல ஆஸ்பத்திரிக்கு வண்டியக் கட்டிக்கினு ஓடினேன். ஜல்தி ஜல்தின்னு மாட்ட அடிச்சேன். பாதி வழியிலயே போயிட்டான். வீட்லயே வெச்சிருந்தா இருந்திருப்பானோ இன்னாவோ. அன்னிக்கி வுட்டதுங்க அவசரத்த." அதற்குப் பிறகு நான் குடையைப் பற்றிப் பேசவில்லை.

அந்த மனிதர் இன்றைக்கு மண்டிக்கு வரவில்லை. தராசை வேறொருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார். மளமளவென்று எடை சொல்கிறார். எனக்குத்தான் கை ஓடவில்லை.

சீமையில் சக்கரவர்த்தி காலமானார் என்று மண்டியை அடைத்துத் திறந்தோம் அல்லவா, அதற்கு மறுநாள் நடந்தது. தாண்டவராயனுக்கு இருக்கிற ஒரே குழந்தை அம்சவள்ளி. பன்னிரண்டு வயது. தினம் மத்தியானம் அப்பாவுக்குக் கேப்பைக் கூழ் கொண்டுவருவாள். அன்றைக்கு வந்தவள், மூட்டை இழுக்கிற இரும்புக் கொக்கி ஒன்று தரையில் கிடந்ததைப் பார்க்காமல் காலை வைத்துவிட்டாள். உள்ளங்காலில் ஏறிவிட்டது. கொக்கி துருப்பிடித்தது. மஞ்சளைச் சுட்டு வைத்துக் கட்டினார்கள். காலையில் கால் வீங்கியிருந்தது. "டாக்டர்கிட்ட தூக்கிக்கினு போங்க" என்று நான் கத்தினேன். "ஒரு வார்த்த கேட்டுக்கினு போறேன்ங்க" என்று வேப்பமரத்தடிக்குப் போனார். அன்று முழுவதும் பூ இடப்பக்கம்தான் விழுந்தது. மறுநாள் பொழுது சாயும்போது வலப்பக்கம் விழுந்தது. அதற்குள் விரல்கள் நிறம் மாறிவிட்டன. இங்கே பார்த்த டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, திண்டிவனத்தில் அறுவை செய்கிற டாக்டர் இருக்கிறார், உடனே ரயில் ஏறுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

முந்தாநாள் காலை முதலாளியிடம் சொல்லிக்கொண்டு நானும் திண்டிவனம் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் கால் வைக்கும்போதே பயமாக இருந்தது. குழந்தை கட்டிலில் கிடந்தாள். முகம் காய்ச்சலில் பளபளத்தது. போர்வைக்குள்ளிருந்து வந்த நாற்றத்தை மறைக்க யாரோ ஊதுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். "மாமா, தராச யாரு புடிக்கிறாங்க?" என்று கேட்டாள். தாண்டவராயனைக் காணோம்.

அவர் மனைவி குப்பம்மாள் என்னை வெளியே அழைத்துப் போனாள். அந்த அம்மாள் அழவில்லை. அழுகிற கட்டத்தைத் தாண்டிவிட்டாள். "அண்ணே, பாதத்த எடுத்தா புள்ள பொழைக்குமாம். இன்னிக்கி மத்தியானத்துக்குள்ள எடுக்கணுமாம். அப்புறம் வெஷம் மேல ஏறிடுமாம். நான் எடுத்துடுங்கன்னு சொல்லிட்டேன். அப்பன் சொல்லணுங்கிறாங்க. இவரு நேத்து சாயங்காலம் விக்கிரவாண்டிக்குக் கேட்டுக்கினு வர்றேன்னு போனாரு. இன்னும் வர்ல. நீங்க போயி இட்டாந்துடுங்கண்ணே. நான் இவள வுட்டுட்டு எங்க போவேன்?"

விக்கிரவாண்டிக்கு அந்தண்டை பனைமரங்களுக்கு நடுவில் அவர்களுடைய குலத்துக்குத் திரௌபதி அம்மன் கோயில் ஒன்று இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. கண்டதும் சட்டையைப் பிடித்து இழுத்து வருவது என்று தீர்மானம் செய்துகொண்டேன். அதே சமயம் வெயில் ஏற ஏறப் பயமும் ஏறியது. பஸ் நின்ற இடத்திலெல்லாம் கண்டக்டரைத் திட்டினேன்.

கோயில் கதவு திறந்திருந்தது. பூசாரி கோதண்டபாணி ஏற்றமிறைக்கப் போயிருந்தார். தாண்டவராயன் பழகின மனிதர் என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இவர் அம்மனுக்கு எதிரே மண்தரையில் உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்து உள்ளே போயிருந்தன. அம்மன் தலையில் ஒரு செவ்வரளிப் பூ இருந்தது.

"நேத்து பொழுதோட வெச்சதுங்க. இன்னும் வுழல" என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

சட்டையைப் பிடிக்க வந்தவன் நான். அந்த முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தால், என்னையும் அறியாமல் நானும் அந்தப் பூவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். வலப்பக்கம், வலப்பக்கம் என்று என் வாய் முணுமுணுத்தது. இத்தனை நாள் இவரைக் கேலி செய்தவன் நான். வெளியே பனை ஓலைகள் சலசலத்தன. காற்று உள்ளே வந்து விளக்கை அணைத்தது. அம்மன் கழுத்து மாலையிலிருந்து காய்ந்த இதழ்கள் உதிர்ந்தன. பூவைத் தாண்டி ஒரு பல்லி ஓடியது. அந்தப் பூ மட்டும் அசையவில்லை. அம்மன் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்றே நம்பிவிட்டேன்.

விளக்கை ஏற்றலாம் என்று எழுந்து கிட்டே போனபோதுதான் கண்ணில் பட்டது. பூவின் காம்பு அம்மன் சிரசில் அப்பியிருந்த சந்தனத்துக்குள் முழுவதும் இறங்கியிருந்தது. சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. அதைச் சுற்றிலும் கட்டைவிரல் வைத்து அமுக்கின தடம் அப்படியே பதிந்திருந்தது.

"அண்ணே, பூசாரியா வெச்சாரு இந்தப் பூவ?"

"நான்தான்ங்க வெச்சேன்."

"இது வெச்சதில்லண்ணே. அமுக்கி சொருகினது. இது எந்தக் காலத்துல வுழும்?"

அவர் மறுக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டார். "வலப்பக்கம் வுழுந்தா கால் போவுதுங்க. எடப்பக்கம் வுழுந்தா புள்ள போவுது. வுழாம இருக்கிற வரைக்கும் ரெண்டும் இருக்குதுங்களே."

எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவர் தன்னுடைய வலதுகைக் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். சந்தனம் இன்னும் நகக்கண்ணில் ஒட்டியிருந்தது. "தட்டுல கைய வெச்சிக்கினு முள்ளு நிக்கட்டும் முள்ளு நிக்கட்டும்னு சொல்லிக்கினு இருந்திருக்கேன். மண்டியில ஒருத்தன் இப்பிடிப் பண்ணா நான் சும்மா வுடுவனா?" என்றார். "அவளத்தான் நம்புறேன்னு சொல்லிக்கினு, அவ வாயத் தொறக்க வுடல பாருங்க. அவ இன்னா சொல்லிடுவாளோன்னு பயம். இந்த ஒரு ராத்திரி மட்டுமா? எத்தினி பூவு இப்பிடி வெச்சனோ. வேப்பமரத்தாண்ட எடப்பக்கமா சாய்ச்சே வெச்சனோ இன்னாவோ, எனக்கே தெர்லீங்க."

அப்போது பூசாரி வந்து சேர்ந்தார். விஷயம் கேட்டுவிட்டு, அந்தப் பூவை எடுத்துப் போட்டுவிட்டு வேறு பூ லேசாக வைக்கட்டுமா என்றார். தாண்டவராயன் எழுந்தார். இரவெல்லாம் மடக்கியிருந்த கால் நிற்கமாட்டாமல் தள்ளாடியது. தானே கையை நீட்டிச் சந்தனத்தோடு பூவைப் பெயர்த்தெடுத்து அம்மன் பாதத்தில் வைத்தார்.

"ஒண்ணும் சொல்ல வேணாம் தாயே. கூட வா" என்றார்.

பஸ் வர நேரமாயிற்று. வந்ததும் ஆள் சேரட்டும் என்று நிறுத்திவிட்டான். சூரியன் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. டிரைவர் டீத்தண்ணி குடிக்கப் போனான். "ஜல்தி எடுப்பா, கொயந்த கெடக்குது" என்று தாண்டவராயன் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. பஸ் புறப்பட்ட பிறகும் பயம் அவரை விடவில்லை. முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உதடு உலர உட்கார்ந்திருந்தார். வழியில் ஒரு பூனை குறுக்கே ஓடியது. நான் சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் பூனையைப் பார்த்தார். கம்பியை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார். இறங்கலாம் என்று சொல்லவில்லை. "நேரம் இருக்குதுங்களா? இருக்குமில்ல?" என்று மட்டும் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார். இருக்கிறது என்று நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். எனக்கென்ன தெரியும்?

திண்டிவனத்தில் இறங்கி ஓடினோம். ஓடினார் என்பதை எங்கள் மண்டியில் யாரும் நம்பமாட்டார்கள். டாக்டர் வராந்தாவில் கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் கேட்பதற்கு முன்பே தாண்டவராயன், "எடுத்துடுங்க சாமி" என்றார். டாக்டர் ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்துவிட்டு, கத்திகளைக் கொதிக்க வைக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். பிழைத்துவிடுவாளா என்று குப்பம்மாள் கேட்டாள். செய்வதைச் செய்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அதற்குமேல் அவரிடம் கேட்க எங்கள் மூன்று பேருக்கும் தைரியம் இல்லை.

பிழைத்தாளா என்று இன்று வரை எனக்கும் தெரியாது. அவளை உள்ளே கொண்டுபோன கையோடு மத்தியான ரயிலில் நான் திரும்ப வேண்டியதாயிற்று. நேற்று முழுவதும் திண்டிவனத்திலிருந்து தகவல் ஒன்றும் வரவில்லை. மண்டிக்குள் யார் நிழல் விழுந்தாலும் திடுக்கிட்டுத் தலையைத் தூக்குகிறேன்.

நான் கடைசியாக அவரைப் பார்த்தது அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில். அம்சவள்ளி கண்ணைத் திறந்தாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை என்றாலும் விஷயம் தெரிந்திருந்தது. "அப்பா, அம்மன் இன்னா சொல்லிச்சு?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லலடி கண்ணு. கூடவே வந்திருக்கா."

"வலிக்குமா?"

"எனக்குத் தெர்லியேம்மா" என்றார். அப்படிச் சொல்லிவிட்டாரே என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குழந்தை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து இரண்டு ஆட்கள் தள்ளுவண்டியோடு வந்து நின்றார்கள்.

"இருப்பா, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுத் தாண்டவராயன் கட்டிலின் கால்மாட்டுக்குப் போனார். போர்வையை விலக்கி, கட்டைப் பிரித்தார். நாற்றத்தில் அந்த ஆட்கள் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் திருப்பிக்கொள்ளவில்லை. கறுத்து வீங்கியிருந்த அந்தச் சின்னப் பாதத்தை இரண்டு கைகளாலும் ஏந்தி, குனிந்து, முதலில் வலது கண்ணிலும் பிறகு இடது கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.